ஏழு கட்டம்

அந்தப் பள்ளிக்கூடத்து ஃபிசிக்ஸ் சாருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பெயர் அரை மார்க். பிள்ளைகள் வைத்த பெயர் என்று சொல்லிக்கொண்டாலும், அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மற்ற டீச்சர்களும் அதையேதான் சொன்னார்கள். முழுக்க முழுக்கச் சரியான விடைக்கு அவர் பத்துக்கு ஒன்பதரை போடுவார். அந்த அரை மார்க் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டுவிட்டால், "அது மிச்சம் இருந்தாத்தான் நாளைக்கும் நீ ஸ்கூலுக்கு வருவ" என்பார்.

விடைத்தாளின் ஓரத்தில் அவர் எழுதுவதும் அப்படித்தான், படு சிக்கனம். மோசமாக இருந்தால் ஒரு கோடு. சுமாராக இருந்தால் 'ம்'. நன்றாகவே இருந்தால் 'பரவாயில்லை'. அதற்கும் மேலே 'நன்று' என்று ஒன்று இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் பேச்சு. கண்ணால் பார்த்தவர்கள் யாரென்று கேட்டால் ஆளுக்கு ஆள் முழிப்பார்கள்.

அந்தப் பள்ளிக்கூட ஆபீசில் பத்தொன்பது வருஷமாக டைப்பிஸ்டாக இருந்தவளை பிரின்சிபால் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். டைப்ரைட்டர் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மேஜைமேல் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. பதவி மட்டும் டைப்பிஸ்ட் என்றே நின்றுவிட்டது. அதே பள்ளிக்கூடத்தில், அரை மார்க்கின் வகுப்பில், கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள் அக்காவின் ஒரே மகள்.

மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். வைத்தவர் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மூடிய கதவுக்குள்ளே மோட்டார் சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே மகளின் குரல் பிடித்துக்கொள்ளும். செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று செய்திகள் சொல்லிவிடுவாள். சாப்பிடும்போது பேசுவாள், படிக்கும்போது பேசுவாள், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் பேசுவாள். "கொஞ்சம் வாயை மூடேன்டி" என்பதை அக்கா ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாள் என்பதற்கு அளவே கிடையாது. அது அந்த வீட்டில் மூச்சு விடுகிற மாதிரி.

இந்த ரேடியோவுக்குத்தான் அமெரிக்கா ஆசை வந்தது. சும்மா வரவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் தாங்களே ஏற்றுக்கொள்ளும் ஒரு பல்கலைக்கழகத்தைத் தானே தேடிப் பிடித்தாள். தானே பரீட்சை எழுதினாள். கட்டுரையைப் பதினான்கு தடவை எழுதி, பதினைந்தாவது தடவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டு, "எனக்குப் புரிஞ்சிருச்சு, அப்ப நல்லாத்தான் இருக்கணும்" என்றார். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் விமானம். கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து மூன்று ஸ்டாப் தள்ளி இருக்கும் கல்லூரி. நடுவில் வேறு வழி எதுவும் இல்லை.

எல்லாம் தயார். பாக்கி இருந்தது ஒரே ஒரு தாள்தான். பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை. அதை மாணவி பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டும் என்று கேட்கவே மாட்டேன் என்று விண்ணப்பத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அரை மார்க்கிட்டயா கேட்ட?" என்று அக்கா பதறினாள். "கெமிஸ்ட்ரி டீச்சர் எவ்வளவு தங்கமானவங்க. கேட்டா ரெண்டு பக்கம் எழுதித் தருவாங்களே."

"அவங்க எல்லாருக்கும் ரெண்டு பக்கம் எழுதித் தருவாங்கம்மா. அதுல என்ன இருக்கு? எனக்கு ஃபிசிக்ஸ் படிக்கணும். ஃபிசிக்ஸ் சார்தானே சொல்லணும்." ரேடியோ கொஞ்சம் நிறுத்தினாள், அது அபூர்வம். "ஆனா அவருக்கு என்னைப் பிடிக்காது. அது தெரியும். ஒருநாள் லேப்ல அளவுகோல் தப்பா இருக்குன்னு சொன்னேன். அதை வெச்சுட்டு இடத்துல போய் உக்காருன்னுட்டார். அதுக்கப்புறம் என் மூஞ்சியையே பாக்கல."

"அப்புறம் எந்த தைரியத்துல கேட்ட?"

"பொய் சொல்ல மாட்டார்ல."

அக்கா எழுந்தாள். போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்த விஷயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நம்புகிற ஆசிரியர்கள் கையால் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, ஆபீசில் கொடுப்பார்கள். டைப்பிஸ்ட் அதைப் பிரித்து, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏற்றுவாள். கடைசியில் ஆசிரியர் வந்து சரிபார்த்து, அனுப்பு என்ற பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்துவார். அரை மார்க் அழுத்தும்போது கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வார்.

இப்போது டைப்பிஸ்ட்டின் மகளே விண்ணப்பிக்கிறாள் என்றதும் பிரின்சிபாலுக்குத் தர்மசங்கடம். அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அக்கா, நியாயமா இதை நீங்க தொடக் கூடாது. ஆனா நம்ம ஆபீஸ்ல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். எனக்கு அந்தத் தளத்துக்குள்ள போனா வெளிய வரத் தெரியாது."

"தெரியும் மேடம்."

"அதனால டைப் பண்ணுங்க. ஆனா படிக்காதீங்க."

"படிக்காம எப்படி மேடம் டைப் பண்றது?"

பிரின்சிபால் யோசித்தார். "கண்ணு பாக்கட்டும். மனசு பாக்க வேண்டாம். வீட்டுல ஒரு வார்த்தை போகக் கூடாது. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"மாறாது மேடம்" என்றாள் அக்கா. சொல்லும்போது மனசாரத்தான் சொன்னாள்.

உறை வந்தது கடைசி நாளுக்கு முந்தின நாள், காலை பதினொரு மணிக்கு. அரை மார்க் வந்து, மேஜையில் வைத்து, "நாலு மணிக்கு வந்து அழுத்துறேன்" என்றார். போய்விட்டார். நல்லது கெட்டது என்று எதையும் காட்டாத முகம். அந்த முகத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

அக்கா உறையைப் பிரித்தாள். முதல் தாளில் ஒன்பது வரிசைகள். அறிவுக் கூர்மை, சொந்தமாக யோசிப்பது, உழைப்பு, நேர்மை, வகுப்பில் நடந்துகொள்ளும் விதம் என்று வரிசையாகப் போனது. ஒவ்வொரு வரிசைக்கும் ஏழு கட்டம். முதல் கட்டம் சராசரிக்கும் கீழே. இரண்டாவது சராசரி. மூன்றாவது நன்று. அங்கிருந்து மிக நன்று, சிறப்பு, மிகச் சிறப்பு என்று ஏறி, ஏழாவது கட்டத்தில், 'என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகச் சிலரில் ஒருவர்' என்று முடிந்தது.

சார் டிக் போட்டிருந்தார். ஒன்பது வரிசையிலும் மூன்றாவது கட்டம். அளவுகோல் வைத்துப் போட்டமாதிரி நேராக, மேலிருந்து கீழே ஒரே கோட்டில் இறங்கியிருந்தது. இரண்டாவது தாளில் கடிதம். 'இந்த மாணவி நன்கு படிப்பாள். கேள்விகள் கேட்பாள். பரிந்துரைக்கிறேன்.' அவ்வளவுதான். அதற்குக் கீழே இருந்த கையெழுத்து கடிதத்தைவிட நீளம்.

கண் பார்க்கட்டும், மனசு பார்க்க வேண்டாம் என்று பிரின்சிபால் சொன்னது சுலபம். அக்காவின் மனசு அந்தத் தாளை நாலு தடவை பார்த்துவிட்டது. ஏழில் மூன்று. உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் ஏழாவது கட்டத்தில் ஏறி நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போது, தன் பெண் மூன்றாவது படியில் பையை வைத்துக்கொண்டு நிற்பதை அவளால் பார்க்க முடிந்தது. யார் அவளைக் கூப்பிடப் போகிறார்கள்?

கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதல் வரிசைக்கு வந்தாள். மூன்றாவது கட்டத்தில் புள்ளி வைத்தாள். அங்கிருந்து ஏழாவது கட்டம் ஒரு ஜாண் தூரம்கூட இல்லை.

நான் அவளுக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. அவள் மாற்றினாள். ஒரே ஒரு வரிசையில், பார்க்க எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக, புள்ளியை ஏழாவது கட்டத்துக்கு நகர்த்தினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அரை நிமிஷம் அதை ரசித்தாள். சார் நாலு மணிக்கு வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொத்தானை அழுத்துவார், எந்தக் கட்டம் என்று பார்க்கவே மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்புறம் மகள் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து தொலைத்தது. பொய் சொல்ல மாட்டார்ல. அந்த ஒரு காரணத்துக்காக அவரிடம் போய் நின்றவளை, அம்மா கைப்பட ஒரு பொய்யில் ஏற்றி அனுப்புவதா? அக்கா புள்ளியை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நெட்டையன் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்த பையன். கதவு நிலையில் தலை இடிக்காமல் ஆபீசுக்குள் வரத் தெரியாதவன். ஃபிசிக்சில் புலி. அவனும் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தான், ஆறு இடத்துக்கு. ஆறு இடத்திலும் வேண்டாம் என்றார்கள். அப்போது அரை மார்க் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "அவங்களுக்கு ஆள் பாக்கத் தெரியல" என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தார். அந்த ஆறு பரிந்துரையையும் டைப் பண்ணியது அக்காதான். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது வரிசை. ஒன்பதும் மூன்றாவது கட்டம். கடிதம் மூன்று வரி.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு உண்மையிலேயே மனசு பார்க்காமல்தான் டைப் பண்ணியிருந்தாள். ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் அது எவ்வளவு சுலபமாக வருகிறது.

மதிய இடைவேளையில் இரண்டு ஃபைலையும் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். அரை மார்க் தனியாக உட்கார்ந்து பிரெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் திருத்தாத விடைத்தாள் கட்டு. அக்காவைப் பார்த்ததும் ஸ்டூலைக் காட்டினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"அம்மாவா கேக்கறீங்களா, ஆபீஸா கேக்கறீங்களா?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் ஆபீசாகக் கேட்பது என்றுதான் ஒத்திகை பார்த்திருந்தாள். "பொய் சொல்ல வரல சார். அம்மாவாத்தான் வந்தேன். ஆனா இதை மட்டும் ஆபீஸா கேக்கறேன்னு வெச்சுக்கோங்க." நெட்டையனின் ஃபைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "இந்தப் பையன் எப்படி சார்?"

சாரின் முகம் அப்போதுதான் முதல்முறையாகக் கொஞ்சம் அசைந்தது. "இவனா? இவன் நன்று."

"சார் முப்பத்தொரு வருஷத்துல எத்தனை பேருக்கு நன்று போட்டிருக்கீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "மூணு பேர். தாள்ல இல்ல, என் நோட்டுல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு. அப்புறம் இவன். அப்புறம்..." பிரெட்டைக் கீழே வைத்தார். "அப்புறம் உங்க பொண்ணு."

அக்கா அதைக் கேட்டு உள்ளுக்குள் துள்ளியதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருஷ ஆபீஸ் அனுபவம் கைகொடுத்தது. "அந்தக் காயிதத்துல நன்று மூணாவது கட்டம் சார். அதுக்கு மேல நாலு இருக்கு."

"பாத்தேன். அதெல்லாம் எதுக்கு இருக்குன்னே எனக்குப் புரியல. நன்றுக்கு மேல என்ன இருக்கு?"

"உங்களுக்கு இல்ல சார். அவங்களுக்கு இருக்கு. அங்க படிக்கிறவங்களுக்கு நன்றுன்னா சராசரிக்கு ஒரு படி மேல, அவ்வளவுதான். ஏழாவது கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகச் சிலரில் ஒருவர். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் பக்கத்திலிருந்த விடைத்தாள் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தார். வருஷத்துக்கு நூற்று முப்பது பிள்ளைகள், முப்பத்தொரு வருஷம், நாலாயிரத்து முப்பது. அதில் மூன்று. ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் தப்பாப் போட்டிருக்கேன்" என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து அக்கா கேட்டதில்லை. அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். அப்புறம் நெட்டையனின் ஃபைலைத் தன் பக்கமாக இழுத்தார். ஒன்பது டிக்கையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்கினார்.

"ஆறு இடம்" என்றார்.

"ஆறு சார். நானும்தான் கவனிக்கல. என் பிள்ளை இல்லையே, அதனால கவனிக்கல."

"அவன் ஃபோன் நம்பர் ஆபீஸ்ல இருக்கா?"

"இருக்கு சார்."

"எடுத்து வைங்க. இந்த வருஷமே மறுபடியும் போடச் சொல்றேன். அவன்கிட்ட நானே பேசறேன்." அவர் எழுந்து கையைக் கழுவினார். "உங்க பொண்ணோடதை நாலு மணிக்கு வந்து சொல்றேன். நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இது பாராட்டு இல்ல. கணக்கு."

"கணக்குதான் சார்" என்று அக்கா ஒப்புக்கொண்டாள். எந்தப் பெயரில் வந்தால் என்ன?

நாலு மணிக்கு மணி அடித்து, வராண்டா காலியானபின், அவர் ஆபீசுக்கு வந்து அவள் முதுகுப் பக்கம் நின்றுகொண்டார். முதலில் கட்டங்கள். அறிவுக் கூர்மை, ஏழு. சொந்தமாக யோசிப்பது, ஏழு. நேர்மை, ஏழு. அக்கா ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். காலையில் திருட்டுத்தனமாக வைத்துப் பார்த்த அதே கட்டம், இப்போது உரிமையோடு. ஏழு ஏழாக எட்டு வரிசை முடிந்தது. ஒன்பதாவது, வகுப்பில் நடந்துகொள்ளும் விதம்.

"மூணு" என்றார் சார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"பேசறா" என்றார். "நான் பாடம் நடத்தறப்போ பேசறா, நடத்தாதப்போவும் பேசறா. பொய் எழுத முடியாது."

பதினேழு வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டவள் அதை எப்படி மறுப்பாள்? "அது சரிதான் சார்" என்று மூன்றாவது கட்டத்தில் வைத்தாள்.

அப்புறம் கடிதம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில் நடந்துகொண்டே சொன்னார். இங்கிலீஷில்தான் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

'நான் முப்பத்தொரு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். நாலாயிரம் பேருக்கு மேல் படித்துப் போயிருக்கிறார்கள். என் மார்க் நோட்டில் நன்று என்று எழுதுவதற்கு மேல் எனக்கு வார்த்தை தெரியாது. அதை இதுவரை மூன்று பேருக்கு எழுதியிருக்கிறேன். இவள் மூன்றாவது ஆள்.

என் லேபில் ஊசல் குண்டை ஆட்டி, புவியீர்ப்பைக் கணக்கிடும் சோதனை ஒன்று உண்டு. எல்லோருக்கும் விடை ஒன்பது புள்ளி எட்டு வரும், ஏனென்றால் புத்தகத்தில் அது இருக்கிறது. இவளுக்குப் பத்து புள்ளி ஒன்று வந்தது. புத்தகத்தைப் பார்த்து மாற்றி எழுதாமல், பதினொரு தடவை திரும்பச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் பத்து புள்ளி ஒன்று. பிறகு என் மரத்து அளவுகோலின் முனை தேய்ந்து, மூன்று சென்டிமீட்டர் காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தாள்.'

இங்கே அவர் நடப்பதை நிறுத்தினார். அக்காவின் விரல்களும் நின்றன.

'அந்த அளவுகோல் பல வருஷமாக என் லேபில் இருந்தது. எத்தனையோ பிள்ளைகள் அதை வைத்து அளந்து, சரியான விடையைப் பொய்யாக எழுதிக் கொடுத்தார்கள். நான் திருத்தி மார்க் போட்டேன். இவள் சொன்ன அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதை இங்கே சொல்கிறேன். இவளை நீங்கள் எடுத்துக்கொண்டால், உங்கள் லேபில் எது தேய்ந்திருந்தாலும் சொல்லிவிடுவாள். வாயை மூடிக்கொண்டு இருக்கவே மாட்டாள். அதற்குத் தயாராக இருங்கள்.'

அக்கா கடைசி வரியை அடிக்கும்போது திரை முழுக்கக் கலங்கித் தெரிந்தது. எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்றார் சார்.

"நான் படிக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க சார்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் குனிந்து தானே படித்தார். ஒரு காற்புள்ளியை மாற்றச் சொன்னார். பிறகு ஒற்றை விரலை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ரேடியோ விடாமல் துளைத்தாள். "போயிடுச்சாம்மா? எவ்வளவு நீளம்? கோவமா இருந்தாரா? சரி, நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லு. தலையை ஆட்டினாப் போதும்." அக்கா தலையையும் ஆட்டவில்லை, வாயையும் திறக்கவில்லை. அடுத்த நாலு மாதமும் அப்படித்தான். அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, அந்தக் கடிதம் வரி வரியாக அவள் நாக்கு நுனிக்கு வரும். தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளுவாள். கணவர்கூட ஒருநாள், "உனக்கு என்ன, இவ்வளவு தாகம் எடுக்குது? டாக்டரைப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

பதில் ஒரு வேலை நாளில், காலையில் வந்தது. ரேடியோ வகுப்பிலிருந்து ஆபீசுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்க, கையில் ஃபோனோடு கதவில் நின்றாள். இடம் கிடைத்துவிட்டது. முழுச் செலவும் அவர்களுடையது. அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, ரப்பர் ஸ்டாம்பும் மையும் கீழே உருள, மகளைக் கட்டிக்கொண்டாள். பிரின்சிபால் அறையைவிட்டு வெளியே வந்து அவரும் சேர்ந்துகொண்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டால், அவர் ஏதோ ஒரு கட்டிடத்தில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, வேலையை முடிச்சுட்டு வரேன்" என்றார். அந்த லிஃப்டுக்குள் தனியாக நின்று அவர் என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியாது.

மாலையில் பள்ளி விட்டதும், சாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ரேடியோ லேபுக்குப் போனாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"என்னடி சொன்னார்?"

"'ம்'ன்னார். அவ்வளவுதான். ரெண்டு வருஷம்மா. ஒரே ஒரு நல்ல வார்த்தை இந்த மனுஷன் வாயில இருந்து கேட்டதில்ல. இன்னைக்காவது சொல்வார்னு பாத்தேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. நாலு மாதமாகத் தண்ணீர் குடித்துக் குடித்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த கோபம். மகளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று லேபுக்கு நடந்தாள். அரை மார்க் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டேன். ஆனா முன்னபின்ன தெரியாத ஆளுங்களுக்கெல்லாம் அது தெரியுது. அவளுக்குத் தெரியல. இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"எழுதியாச்சே அக்கா."

"அவ காதுல விழலையே சார்."

அவர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் அவளைத் தாண்டி, வராண்டாவில் நடந்து ஆபீஸ் வாசலுக்குப் போனார். அக்கா பின்னாலேயே வந்தாள். ரேடியோ எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு ஸ்கேல் விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது. நான் இத்தனை வருஷத்துல பாத்த பிள்ளைங்கள்ல உன்னை மாதிரி மொத்தம் மூணு பேர்." சாவியைப் பாக்கெட்டில் போட்டார். "போய் நல்லபடியா படி."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ரேடியோ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டாள். பையை எடுத்தாள். பஸ் ஸ்டாப்பில் பேசவில்லை, பஸ்ஸில் பேசவில்லை, மாடிப்படி ஏறும்போதும் பேசவில்லை. வீட்டில் அப்பா இனிப்பு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவர் தோளில் தலையைச் சாய்த்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்தாள். கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

அக்கா அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. இந்தக் குழாய் எப்போதிலிருந்து சொட்டுகிறது? பக்கத்து வீட்டு டீவி கேட்டது. சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கணவர் வந்து கதவில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார். "என்ன, வீடு இப்படி இருக்கு?"

"இன்னும் நாலு மாசத்துல இப்படித்தான் இருக்கும்" என்றாள் அக்கா. சொல்லி முடித்தபிறகுதான் அது அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஏழு ஏழாக எட்டு வரிசை, தன் கையாலேயே தட்டி அனுப்பியிருக்கிறாள். பெருமையாகவும் இருந்தது, யாரோ வீட்டுச் சுவரை எடுத்துக்கொண்டு போனமாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மகளின் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏதாவது பேசேன்டி" என்றாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வாயிலிருந்து இப்படி ஒன்றைப் பிறந்ததிலிருந்து அவள் கேட்டதில்லை. "என்ன பேசறது?" என்றாள். அப்புறம், "அம்மா, சார் காலண்டரைப் பாத்துக்கிட்டே பேசினாரே, நீ கவனிச்சியா?" என்று ஆரம்பித்தாள். காலண்டரிலிருந்து லேபுக்குப் போனாள், லேபிலிருந்து விமானத்துக்குப் போனாள், விமானத்தில் ஜன்னல் சீட் கேட்டால் கொடுப்பார்களா என்று அப்பாவைக் கேட்டாள், அவர் பதில் சொல்வதற்குள் அடுத்ததற்குப் போனாள். சாப்பாடு முடிந்து, தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.